மேட்டூர் கணக்கைக் கடைமடைக்காரர் எப்படிப் படிக்க வேண்டும்

எங்கள் வயல் முத்துப்பேட்டைக்குக் கிட்ட, கோரையாறு கடலைத் தொடப்போகிற இடத்தில். குடகில் தலைக்காவிரியில் பிறந்த தண்ணீர் எல்லாருக்கும் பாய்ந்து முடித்துத்தான் எங்கள் மதகுக்கு வரும். அதனால் விதை ஊறப்போடும் முன் மேட்டூர் கணக்கைப் பார்த்தே ஆக வேண்டும்.

செய்தியில் நாலு எண் வரும்: நீர்மட்டம், இருப்பு, வரத்து, திறப்பு. ஊரில் எல்லாரும் மட்டத்தைத்தான் பேசுவார்கள். நீங்கள் அதைக் கடைசியாகப் பாருங்கள். அணை அடியில் குறுகி மேலே அகன்றது. 120 அடி நிரம்பினால் 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி), 100 அடிக்கு இறங்கினால் ஏறக்குறைய 65தான்.

மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: விநாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. திறப்பில் வரத்தைக் கழியுங்கள். மீதியை 11,574-ஆல் வகுத்தால், நாளுக்கு எத்தனை டிஎம்சி குறைகிறது என்று சொல்லும். இருப்பில் குடிதண்ணீருக்குப் பத்து டிஎம்சி ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை அதால் வகுங்கள். எத்தனை நாளுக்குத் தண்ணீர் என்று வரும்.

2023 ஜூன் 12 அன்று அணை திறந்தபோது 103 அடி இருந்தது. மாமனார் தயங்கினார், நான்தான் நூறுக்கு மேல் இருக்கிறதே என்று குறுவைக்கு விதைக்கச் சொன்னேன். நாளுக்கு ஒரு டிஎம்சி போல வெளியேறியது, வரத்து சொற்பம். வகுத்திருந்தால் அறுபது நாள்தான் என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். குறுவைக்கு நூறு நாளுக்கு மேல் வேண்டும். பயிர் தொண்டைக்கதிரில், கதிர் வெளிவரும் தறுவாயில், நிற்கும்போது வாய்க்கால் காய்ந்தது. அக்டோபர் 10 அன்று அணையையே மூடினார்கள். அந்தப் பதரைக் கையில் கசக்கிப் பார்த்த நாளிலிருந்து வகுக்காமல் விதைப்பதில்லை.

வரத்து கூடுமா என்று அறிய மேலே பாருங்கள். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பிடித்து, கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பினால்தான் ஒகேனக்கல்லில் வெள்ளம். பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் மேட்டூருக்குக் கீழேதான் சேர்கின்றன. அவை கொண்டுவருவது மேட்டூர் எண்ணில் தெரியாது.

அடுத்து கல்லணை. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகப் பிரித்துச் சொல்வார்கள். உங்கள் வாய்க்கால் எதில் பிரிகிறதோ அந்த எண்தான் உங்களுடையது. எங்களுக்கு வெண்ணாறு. அது நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் மறுபடி பிரிந்துதான் கோரையாறாகிறது. கொள்ளிடத்தில் எத்தனை ஆயிரம் போனாலும் எங்கள் வயலுக்கு ஒரு சொட்டு வராது.

மேட்டூரிலிருந்து கல்லணைக்கு மூன்று நாள் போல ஆகும். அங்கிருந்து எங்களுக்கு வர, முறை வைத்து விட்டால் இன்னும் நாளாகும். முதல் தண்ணீர் நடை வேகத்தில்தான் வரும். முன்னால் நுரையும் சருகும் பழுப்பாகத் தள்ளிக்கொண்டு. வெடித்த மண் அதை உஸ்ஸென்று குடிக்கும், நண்டு வளைகளில் குமிழி கிளம்பும். எத்தனை வருஷம் பார்த்தாலும் மனசு நிறைந்துவிடும்.

ஆனால் அன்றைக்கே விதையை எடுக்காதீர்கள். மதகு ஓரம் ஒரு குச்சி நட்டு, ஈரம் ஏறிய இடத்தில் கோடு கிழியுங்கள். மூன்றாம் நாளும் தண்ணீர் அந்தக் கோட்டில் நின்றால் மூட்டையை அவிழ்க்கலாம்.