ஜிபிஎஸ் பரிசோதனை: கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜிபிஎஸ் (குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா) பாசிட்டிவ் என்று ரிசல்ட் வந்ததும், தான் சுத்தமாக இல்லாததால்தான் வந்ததோ என்று குறுகிப்போகிறார்கள் பலர். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். இது குடலிலும் பிறப்புறுப்பிலும் சாதாரணமாக வாழும் பாக்டீரியா, கர்ப்பிணிகளில் 10 முதல் 30 சதவீதம் பேரிடம் இருக்கும், பால்வினை நோயும் கிடையாது. ஆபத்து குழந்தைக்குத்தான். தடுப்பு மருந்து இல்லாமல் பிரசவம் நடந்தால், இந்தத் தாய்மார்களின் குழந்தைகளில் 100க்கு ஒன்றிரண்டு பேருக்கு ரத்தத்தில் தொற்று, நிமோனியா, மூளைக்காய்ச்சல் என்று போய்விடும்.

அடுத்த தவறு, ரிசல்ட்டைப் பார்த்த அன்றே ஆன்டிபயாடிக் மாத்திரை போட்டு விரட்டிவிடலாம் என்று நினைப்பது. அது உதவாது, ஏனென்றால் பிரசவத்துக்குள் கிருமி திரும்ப வந்துவிடும். பிரசவ வலி தொடங்கிய பிறகோ பனிக்குடம் உடைந்த பிறகோ நரம்பு வழியாக ஏற்றும் பென்சிலின்தான் குழந்தையைக் காக்கும், அதுவும் பிறப்புக்குக் குறைந்தது 4 மணி நேரம் முன்பே தொடங்கினால் நல்லது. அதனால் வலி கூடட்டும் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள், பனிக்குடம் உடைந்தால் வலியே இல்லாவிட்டாலும் உடனே கிளம்புங்கள், போனதும் முதல் வேலையாக ஜிபிஎஸ் பாசிட்டிவ் என்று சொல்லுங்கள். ஒருவேளை 4 மணி நேரம் கிடைக்காவிட்டாலும் மருந்து வீண் இல்லை.

சரி, பரிசோதனையை எப்போது எடுப்பது? 36, 37வது வாரங்களில். ரிசல்ட் சுமார் 5 வாரம்தான் செல்லும் என்பதால் ரொம்ப முன்னாடியே எடுத்து வைத்துப் பயனில்லை. பிறப்புறுப்பின் கீழ்ப்பகுதி, ஆசனவாய் இரண்டிலும் ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் தடவி எடுக்கும் மாதிரி) எடுக்க வேண்டும், கூச்சப்பட்டு ஒன்றை விட்டால் கிருமி இருந்தும் நெகட்டிவ் வரலாம். எல்லா நாட்டிலும் இதை எல்லோருக்கும் எடுப்பதில்லை, அதனால் உங்களுக்கு எடுப்பார்களா என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

இந்தக் கர்ப்பத்தில் சிறுநீரில் ஜிபிஎஸ் வந்திருந்தாலோ, முந்தைய குழந்தைக்கு இந்தத் தொற்று வந்திருந்தாலோ ஸ்வாப் தேவையில்லை, பிரசவத்தின்போது நேராக மருந்துதான். இதைச் சொல்ல மறந்துவிடாதீர்கள். பென்சிலின் அலர்ஜி இருந்தால் ஸ்வாப் எடுக்கும்போதே சொல்லுங்கள், எந்த மாற்று மருந்து வேலை செய்யும் என்று லேபில் பார்த்து வைக்க வேண்டும். சிசேரியன் தேதி குறித்தவர்களும் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம், வலி முன்கூட்டியே வந்துவிடலாம்.

இன்னொன்று, மருந்து ஏற்றியாயிற்று என்று முழுக்க நிம்மதியாகிவிடாதீர்கள். முதல் வாரத்துக்குப் பிறகு, 3 மாதம் வரை வரக்கூடிய தொற்றை இந்த மருந்து தடுக்காது. குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பியும் துவண்டு கிடந்தாலோ, முனகி முனகி மூச்சு விட்டாலோ, காய்ச்சல் அடித்தாலோ அந்த நிமிடமே தூக்கிக்கொண்டு போங்கள்.