அமெரிக்காவில் பிளம்பர் லைசென்ஸ் வாங்குவது எப்படி?

அமெரிக்காவில் பிளம்பர் ஆக விரும்புகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நாடு முழுவதும் செல்லுபடியாகும் லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது என்பது. எந்த மாநிலத்தில் வேலை செய்யப் போகிறீர்களோ, அந்த மாநிலம் சொல்வதுதான் சட்டம். சில இடங்களில் அந்தப் பொறுப்பு நகராட்சியிடமே இருக்கிறது. ஆனால் எங்கே போனாலும் ஒன்று மாறாது. தகுதி பெற்ற ஒருவரின் கண்காணிப்பில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்து, அதைக் காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். பரீட்சை அதற்கு அப்புறம்தான். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, முதலில் பரீட்சைக்குப் புத்தகம் தேடுகிறார்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? 1933இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, இரண்டு ஹோட்டல்களின் பழுதான குழாய் அமைப்பால் குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது. அமீபா சீதபேதி பரவி சுமார் 100 பேர் இறந்தார்கள். குழாய் வேலையில் நடக்கும் தவறு, அதைச் செய்தவரோடு நிற்காது. அதனால் இந்த விதிகளை வெறும் அலுவலகத் தொல்லையாக நான் பார்ப்பதில்லை.

படி 1: லைசென்ஸ் யார் கையில் என்று கண்டுபிடியுங்கள்

டெக்சாஸில் பிளம்பிங் தேர்வு வாரியம் என்று தனி மாநில வாரியமே இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் தொழிலாளர் துறை கொடுக்கிறது. இல்லினாயில் பொதுச் சுகாதாரத் துறை கொடுக்கிறது, ஆனால் சிகாகோ நகரத்துக்கு மட்டும் தனி ஏற்பாடு. நியூயார்க்கில் மாநில லைசென்ஸே இல்லை. நியூயார்க் நகரத்தில் வேலை என்றால் நகரத்தின் கட்டடத் துறையிடம் போக வேண்டும்.

கலிபோர்னியா இன்னும் வேறு மாதிரி. அங்கே கூலிக்கு வேலை செய்யும் பிளம்பருக்கு மாநில லைசென்ஸ் கிடையாது. வேலையை ஒப்பந்தம் எடுப்பவருக்குத்தான் சி-36 என்ற கான்ட்ராக்டர் லைசென்ஸ். ஆகவே வேறு மாநிலத்தில் இருக்கும் நண்பர் சொல்லும் அறிவுரை, எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். உங்கள் மாநில வாரியத்தின் இணையதளத்தில் உள்ள விண்ணப்பப் படிவத்தை முதலில் இறக்கிப் படியுங்கள். பின்னால் என்னென்ன சான்று கேட்பார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

படி 2: அப்ரென்டிஸாகச் சேருங்கள்

அப்ரென்டிஸ் என்றால் சம்பளம் வாங்கிக்கொண்டே தொழில் கற்பவர். யுஏ என்று அழைக்கப்படும் குழாய்த் தொழிலாளர் சங்கத்தின் வழியாகச் சேரலாம். அங்கே பயிற்சி பொதுவாக 5 ஆண்டு. சங்கம் சாராத பயிற்சித் திட்டங்களும் உண்டு. பதிவு பெற்ற திட்டங்களில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மணி நேர வேலையும், அதோடு குறைந்தது 144 மணி நேர வகுப்பும் இருப்பது வழக்கம். பல மாநிலங்களில் வேலையில் கால் வைப்பதற்கு முன்பே அப்ரென்டிஸாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். டெக்சாஸில் 16 வயது ஆனால் பதியலாம்.

இது சம்பள வேலை, அதனால் வேலை செய்யும் அனுமதி கையில் இருக்க வேண்டும். எச்-4 விசாவில் (எச்-1பி விசாவில் இருப்பவரின் துணைவருக்கான விசா) இருப்பவர்கள் இஏடி என்ற வேலை அனுமதி அட்டை இல்லாமல் சேர முடியாது.

சில வாரங்களில் 'சர்டிஃபைட் பிளம்பர்' ஆக்கிவிடுகிறோம் என்று வரும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அந்தச் சான்றிதழ் மாநில லைசென்ஸுக்கு ஈடாகாது.

படி 3: மணிக்கணக்கைச் சேருங்கள், எழுதியும் வையுங்கள்

முழுப் பாதையிலும் முக்கியமான இடம் இதுதான். டெக்சாஸில் ஜர்னிமேன், அதாவது தனியாக வேலை செய்யத் தகுதி பெற்ற பிளம்பர், ஆவதற்கு 8,000 மணி நேர வேலையும் 48 மணி நேர வகுப்பும் வேண்டும். அங்கே 4,000 மணி நேரத்தில் கிடைக்கும் ஒரு வரையறுக்கப்பட்ட லைசென்ஸும் இருக்கிறது, நடுவில் ஒரு படி மாதிரி. வாஷிங்டனில் முழு லைசென்ஸுக்கு 8,000 மணி நேரம், குடியிருப்பு வேலைக்கு மட்டுமானதற்கு 6,000. முழுநேர வேலை என்று வைத்துக்கொண்டால் 8,000 மணி என்பது 4 ஆண்டு.

இந்த மணிகளை நீங்கள் உழைத்தது மட்டும் போதாது, இன்னொருவர் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். 4 ஆண்டு கழித்துக் கேட்கும்போது அந்தக் கம்பெனி மூடியிருக்கலாம், உங்களைக் கண்காணித்த மாஸ்டர் பிளம்பர் (ஜர்னிமேனுக்கு மேல்நிலை லைசென்ஸ் உள்ளவர்) ஊர் மாறியிருக்கலாம், உங்களோடு மனஸ்தாபம்கூட வந்திருக்கலாம். அதனால் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டு போடுங்கள். தேதி, இடம், எத்தனை மணி, என்ன வேலை, யாருடைய கண்காணிப்பு, அவருடைய லைசென்ஸ் எண் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். சம்பள ரசீதுகளையும், முதலாளி ஆண்டுதோறும் தரும் டபிள்யூ-2 என்ற சம்பள, வரிக் கணக்குப் படிவங்களையும் பத்திரப்படுத்துங்கள். ஒரு வேலையை விட்டுக் கிளம்பும் அன்றே, அதுவரையான மணிகளுக்கு மாநிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கையில் ரொக்கமாகச் சம்பளம் தருகிறேன், கணக்கில் வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த உழைப்பை நிரூபிக்க உங்களிடம் எதுவும் மிஞ்சாது.

படி 4: பரீட்சை

முதலில் உங்கள் மாநிலம் எந்த பிளம்பிங் கோடு புத்தகத்தை, அதாவது குழாய் வேலை விதிகளின் தொகுப்பை, பின்பற்றுகிறது என்று பாருங்கள். யுபிசி (யூனிஃபார்ம் பிளம்பிங் கோடு), ஐபிசி (இன்டர்நேஷனல் பிளம்பிங் கோடு) என்ற இரண்டுதான் முக்கியமானவை. கலிபோர்னியா, வாஷிங்டன், ஆரிகன் யுபிசியை அடிப்படையாகக் கொண்டவை. ஃப்ளோரிடாவும் நியூயார்க்கும் ஐபிசி பக்கம். மாசசூசெட்ஸுக்குச் சொந்தக் கோடு. யுபிசியும் ஐபிசியும் ஒன்றுதானே என்று நினைத்துவிடக் கூடாது. கழிவுக் குழாய்க்குள் காற்றை மட்டும் உள்ளே விடும் ஏஏவி வால்வை ஐபிசி நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது, யுபிசியில் அந்தச் சலுகை பொதுவாக இல்லை. மாநிலம் தன் பங்குக்குச் செய்த திருத்தங்களும் கேள்வியாக வரும், அதனால் உங்கள் மாநிலப் பதிப்பையே படியுங்கள்.

கழிவுக் குழாயின் சரிவு (சிறிய குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம்), டிராப்பில், அதாவது சாக்கடைக் காற்று உள்ளே வராமல் நீர் தேங்கி நிற்கும் வளைவில், நிற்க வேண்டிய நீரின் ஆழம் (2 முதல் 4 அங்குலம்), கழிவுக் குழாய்க்குக் காற்றோட்டம் தரும் வென்ட் குழாயின் அளவு, குடிநீரில் கழிவு பின்னோக்கி வராமல் தடுக்கும் முறை ஆகியவற்றை நன்றாகப் படியுங்கள். அட்டவணையைப் பார்த்துக் குழாய் அளவைக் கணக்கிடும் பயிற்சி கையில் பழக வேண்டும்.

படி 5: மாஸ்டர், சொந்தத் தொழில்

ஜர்னிமேன் லைசென்ஸ் இருந்தாலும் சொந்தமாகத் தொழில் நடத்தப் பல மாநிலங்களில் அது போதாது. டெக்சாஸில் ஜர்னிமேனாக 4 ஆண்டு இருந்த பிறகு மாஸ்டர் பரீட்சை எழுதலாம், அங்கீகரிக்கப்பட்ட அப்ரென்டிஸ் பயிற்சியை முடித்தவர்களுக்கு 1 ஆண்டு போதும். பதிவு பெற்ற திட்டத்தில் சேரச் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம். அங்கே தொழில் நடத்தும் மாஸ்டர் 3,00,000 டாலருக்கு இன்சூரன்ஸ் காட்ட வேண்டும்.

கலிபோர்னியாவின் சி-36க்குக் கடந்த 10 ஆண்டுக்குள் 4 ஆண்டு அனுபவம், தொழில் பரீட்சை ஒன்று, சட்டமும் வணிகமும் பற்றிய பரீட்சை ஒன்று, கைரேகைப் பதிவு, 25,000 டாலர் பாண்ட் (உத்தரவாதப் பத்திரம்) ஆகியவை வேண்டும். பாண்ட் தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். அந்த முழுப் பணத்தையும் நீங்கள் கட்டப் போவதில்லை, உத்தரவாதம் தரும் நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் அதில் ஒரு சிறு பங்கைக் கட்டணமாகச் செலுத்துவீர்கள்.

லைசென்ஸ் வந்த பிறகு புதுப்பிக்கும் தேதியைக் கவனியுங்கள். டெக்சாஸில் ஆண்டுதோறும் 6 மணி நேரத் தொடர் வகுப்பு முடித்துத்தான் புதுப்பிக்க முடியும். வேறு மாநிலத்துக்குக் குடிபோவதாக இருந்தால், பழைய லைசென்ஸை அங்கே ஏற்பார்களா, மறுபடி பரீட்சை எழுத வேண்டுமா என்று போகும் மாநிலத்தின் வாரியத்திடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.