நடுவயது எடையும் வீட்டு உடற்பயிற்சியும்: ஊரடங்கில் தொடங்கி இன்றும் தொடரும் தவறுகள்

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்த பிறகு, உடற்பயிற்சிக் கூடங்களும் பூங்காக்களும் கடற்கரைகளும் பல மாதங்கள் மூடிக் கிடந்தன. தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 10 முதல் உடற்பயிற்சிக் கூடங்களைத் திறக்க அரசு அனுமதித்தபோதும், 50 வயதுக்கு உட்பட்டவர்களே உள்ளே செல்லலாம் என்ற நிபந்தனை இருந்தது. கொரோனாவின் தீவிரம் வயதோடு கூடியதால் அந்த எச்சரிக்கையில் நியாயம் இருந்தது. ஆயினும் உடற்பயிற்சி மிகவும் தேவைப்படும் வயதில் இருந்தவர்கள், சொல்லித் தரவோ திருத்தவோ யாருமின்றி, மொட்டை மாடியிலும் வீட்டு ஹாலிலும் கைப்பேசிக் காணொளிகளைப் பார்த்துத் தாங்களாகவே பயிற்சி செய்யும் நிலை அதனால் நீண்டது. அப்போது பழகியவற்றைப் பலர் இன்றும் தொடர்கிறார்கள். அந்த உழைப்பு மதிக்கத்தக்கது. அதனாலேயே, நாற்பதைத் தாண்டிய உடலில் அது வீணாகும் இடங்களையும் கெடுதலாக மாறும் இடங்களையும் அறிந்துகொள்வது அவசியமாகிறது.

எல்லாவற்றுக்கும் வேராக இருக்கும் தவறு, ஏறிய எடைக்கு வயதைக் காரணம் சொல்லி அமைதி கொள்வது. நாற்பது வயதானால் வளர்சிதை மாற்றம் மந்தமாகிவிடும், அதன்பின் காற்றைக் குடித்தாலும் எடை ஏறும் என்ற எண்ணம் நம்மிடையே வலுவாக இருக்கிறது. டியூக் பல்கலைக்கழகத்தின் ஹெர்மன் பான்ட்சரும் அவருடன் பணியாற்றிய பல நாட்டு ஆய்வாளர்களும், பிறந்து எட்டு நாளே ஆன குழந்தை முதல் 95 வயதினர் வரை 6,400-க்கும் மேற்பட்டோரின் ஆற்றல் செலவைப் பகுத்து 2021-இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். உடலின் அளவையும் கொழுப்பற்ற திசுக்களின் எடையையும் கணக்கில் கொண்டு பார்த்தால், 20 வயது முதல் 60 வயது வரை நாளொன்றுக்கான ஆற்றல் செலவு ஏறக்குறைய மாறாமலே இருக்கிறது என்பதும், 60-க்குப் பிறகே மெல்லக் குறையத் தொடங்குகிறது என்பதும் அவர்கள் கண்டவை. ஆகவே நாற்பத்தைந்தில் ஏறும் எடைக்கு, எரிக்கும் திறன் குறைந்துவிட்டது என்பது பொருத்தமான விளக்கம் அன்று. அந்த வயதுக்குள் தசை குறைந்திருக்கிறது, அன்றாட அசைவு குறைந்திருக்கிறது, உண்ணும் அளவோ அப்படியே இருக்கிறது அல்லது கூடியிருக்கிறது.

ஊரடங்கு இந்த மூன்றையும் ஒரே வீச்சில் நிகழ்த்தியது. பேருந்து நிறுத்தம் வரை நடப்பது, நெரிசலில் நின்றுகொண்டே பயணிப்பது, அலுவலகப் படிகள், மதிய உணவுக்குப் பின் தேநீர்க் கடை வரை ஒரு நடை, மாலையில் சந்தை, கோயில் பிரகாரம் என்று நாள் முழுவதும் சிதறிக் கிடந்த அசைவுகளை யாரும் உடற்பயிற்சி என்று எண்ணியதில்லை. அவை நின்றுபோனதால் உண்டான இழப்பை மாடியில் நடந்த அரை மணி நேரம் ஈடுசெய்யவில்லை. டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வில், நாளொன்றுக்குச் சராசரியாக 10,000 அடிகளுக்கு மேல் நடந்துகொண்டிருந்த ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு வாரங்களுக்கு 1,500 அடிகளுக்கும் குறைவாகவே நடக்கச் செய்தார்கள். அந்தக் குறுகிய காலத்திலேயே இன்சுலினுக்கு உடல் ஒத்துழைக்கும் தன்மை குறைந்தது, கால்களின் கொழுப்பற்ற எடை ஏறத்தாழ 3 சதவீதம் கரைந்தது. இளைஞர்களுக்கே அப்படியென்றால், மாதக்கணக்கில் சாப்பாட்டு மேசையே அலுவலகமாகிப் போன நாற்பத்தெட்டு வயதுக்காரரின் தொடைத் தசைக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. இன்றும் வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள், காலையில் ஒரு மணி நேரம் வியர்க்கப் பயிற்சி செய்துவிட்டு மீதிப் பத்து மணி நேரம் நாற்காலியை விட்டு எழாமல் இருப்பது அதே தவறின் தொடர்ச்சிதான். தொலைபேசி அழைப்புகளை நடந்துகொண்டே பேசுவதும், மணிக்கொரு முறை எழுந்து மாடிப்படி ஏறி இறங்குவதும் சிறு செயல்களாகத் தோன்றினாலும், இழந்த அசைவை அதே வடிவில் திருப்பித் தருபவை அவையே.

எடைக் கருவியை மட்டும் நம்புவது

எடை ஏறவில்லை, எனவே கவலையில்லை என்று இருப்பவர்களைப் பற்றியே எனக்கு அதிகக் கவலை. தசை இரண்டு கிலோ குறைந்து கொழுப்பு இரண்டு கிலோ கூடினால் எடைக் கருவி அதே எண்ணைத்தான் காட்டும். இந்தியர்களிடம் இது எவ்வளவு ஆழமான சிக்கல் என்பதைப் புணேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் 2004-இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் உடல்களையே சான்றாக வைத்துக் காட்டினார்கள். உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் உடல் எடைக் குறியீடு (பிஎம்ஐ) இருவருக்கும் ஒன்றேதான், 22.3. ஆனால் யூட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லியாகவும் உள்ளே கொழுப்பு மிகுந்தும் இருக்கும் உடல்வாகு நம்மவரிடம் பரவலாக இருப்பதால்தான், நமக்கு உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை என்றும், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே இருக்க வேண்டும் என்றும் வரையறுத்திருக்கிறார்கள்.

மாதவிடாய் நிற்கும் காலத்தை நெருங்கும் பெண்களுக்கு இந்த மறைவான மாற்றம் இன்னும் வேகமாக நிகழ்கிறது. அமெரிக்கப் பெண்களை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்த ‘ஸ்வான்’ ஆய்வின்படி, அந்தப் பருவத்தில் மொத்த எடை முன்பு ஏறிய அதே சீரான வேகத்திலேயே ஏறுகிறது. ஆனால் கொழுப்பு சேரும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, தசை உள்ளிட்ட கொழுப்பற்ற எடை குறையத் தொடங்குகிறது, இந்தப் போக்கு கடைசி மாதவிடாய்க்குப் பின் இரண்டு ஆண்டுகள் வரை நீடிக்கிறது. பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, முன்பு தொடையிலும் இடுப்பின் பின்புறமும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றில் அதிகம் சேரத் தொடங்குகிறது. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது பொதுவாக 46, 47 வயதை ஒட்டி என்பதால், ஊரடங்கின்போது நாற்பதுகளின் நடுவில் இருந்த பெண்கள் இரண்டு மாற்றங்களையும் ஒரே காலத்தில் தாங்க வேண்டியிருந்தது. அதைச் சோம்பல் என்று வீட்டார் சொன்னதும், அவர்களே அப்படி நம்பியதும் வருத்தத்துக்குரியவை.

இடுப்பளவை எடுப்பதிலும் தவறு நேர்கிறது. ஆண்கள் பலர் தொந்திக்குக் கீழே பேன்ட்டை இறக்கிக் கட்டுவதால், ஆண்டுகள் பல ஆனாலும் பேன்ட்டின் அளவு மாறுவதில்லை. வேட்டி, லுங்கி, நைட்டி, எலாஸ்டிக் வைத்த அரைக்கால் சட்டை ஆகியவற்றிலேயே கழிந்த ஊரடங்கு மாதங்களில், உடை தரும் அந்தச் சிறு எச்சரிக்கையும் இல்லாமல் போனது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில், வயிற்றை உள்ளே இழுக்காமல் தையல் நாடாவால் அளக்க வேண்டும். மாதம் ஒருமுறை அளந்தால் போதும். எடையைத் தினமும் பார்ப்பவர்கள், முந்திய இரவு உண்ட ஊறுகாய், வடகத்தின் உப்பு தேக்கி வைக்கும் நீரால் ஒரு கிலோ கூடுவதையும் குறைவதையும் கண்டு மனம் தளர்ந்து, நல்ல பயிற்சியைப் பாதியில் கைவிடுகிறார்கள்.

நடையும் வயிற்றுப் பயிற்சியும் போதும் என்று நிறுத்திக்கொள்வது

ஊரடங்கில் நம் வீடுகளில் அதிகம் நடந்தது நடைதான். மாடியில் சுற்றி வந்தவர்கள், தரையில் எட்டுப் போட்டு நடந்தவர்கள், அடி எண்ணும் செயலியில் பத்தாயிரத்தை எட்டாமல் உறங்காதவர்கள் எனப் பலரும் அதை ஒழுங்காகச் செய்தார்கள். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனத்துக்கும் நடை நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது தோள், முதுகு, கை ஆகியவற்றின் தசையை வளர்ப்பதில்லை, ஓரளவு பழகிய கால்களுக்கும் புதிய சவால் எதையும் வைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, வாரத்தில் இரண்டு நாட்களாவது முக்கியத் தசைத் தொகுதிகள் அனைத்தையும் வலுப்படுத்தும் பயிற்சியையும் சேர்த்தே சொல்கிறது. நாற்பதைத் தாண்டியவர்கள் விட்டுவிடக் கூடாத பாதி இதுதான். நேரம் குறைவாக இருந்தால் நடையில் ஒரு நாளைக் குறைத்தாவது இதைச் செய்ய வேண்டும் என்பேன்.

இதற்குக் கருவிகள் வேண்டியதில்லை. பஸ்கியும் தண்டாலும் நம் ஊர்ப் பயிற்சிகளே. முழங்கால் வலி உள்ளவர்கள் முழுத் தோப்புக்கரணம் போடாமல், உறுதியான நாற்காலியில் கைகளை ஊன்றாமல் மெதுவாக உட்கார்ந்து எழலாம். தரையில் தண்டால் எடுக்க இயலாதவர்கள் சுவரில் கை ஊன்றித் தொடங்கி, சில வாரங்களில் மேடைக்கும் பின்னர் தரைக்கும் வரலாம். படியின் விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது கெண்டைக்கால் தசைக்கு உதவும். இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டியும் ஐந்து கிலோ அரிசிப் பையும் எடைகளாகப் பயன்படும். இங்கே மிகவும் கவனிக்கப்படாத செய்தி ஒன்று உண்டு: அதே பயிற்சியை அதே எண்ணிக்கையில் ஆண்டுக்கணக்கில் செய்தால் தசை அந்த அளவோடு நின்றுவிடும். கடைசி இரண்டு மூன்று முறைகள் உண்மையாகவே கடினமாக இருக்க வேண்டும். அவை எளிதாகிவிட்டால் எண்ணிக்கையையோ எடையையோ கூட்ட வேண்டும்.

வயிற்றைக் குறைக்க வயிற்றுக்கே பயிற்சி என்ற நம்பிக்கையும் இதனோடு ஒட்டியது. படுத்து எழும் பயிற்சியை நூறு முறை செய்தாலும் அங்குள்ள கொழுப்பு மட்டும் தனியே கரையாது, ஏனெனில் உடல் முழுவதிலிருந்தும் கொழுப்பு இரத்தத்துக்கு வந்தே எரிகிறது. தவறாகச் செய்யும்போது கழுத்தும் கீழ்முதுகும் வலிப்பதுதான் மிச்சம். வியர்வை வரவழைக்கும் இடுப்புப் பட்டைகள் வெளியேற்றுவது நீரையே, அது அடுத்த இரண்டு குவளைத் தண்ணீரில் திரும்பிவிடும்.

வீட்டு வேலையே பயிற்சி என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பணிப்பெண்கள் வர இயலாத அந்த மாதங்களில் பாத்திரம், துணி, சமையல் எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையிலேயே விழுந்தன. அது உழைப்புதான், அசைவாகவும் கணக்கில் சேரும். ஆனால் குனிந்து பெருக்குவதும் நின்றபடி மணிக்கணக்கில் சமைப்பதும் முதுகைக் களைப்பாக்கும் அளவுக்குத் தசையை வலுவாக்குவதில்லை. அந்த வேலையைப் பகிர்ந்துகொண்டு, வாரத்தில் இரண்டு நாட்கள் அரை மணி நேரத்தை அவர்களுக்கு விடுவித்துத் தருவது குடும்பத்தின் பொறுப்பு.

மூட்டுகளுக்கு அவகாசம் தராத வேகம்

பல காணொளிகள் இருபது வயதினரை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டவை. குதித்துக் கால் விரிப்பதும் ஓரிடத்தில் வேகமாக ஓடுவதும், பல ஆண்டுகள் பயிற்சியே இல்லாத, எண்பது கிலோ எடையுள்ள ஐம்பது வயதினருக்கு முதல் வாரத்திலேயே ஏற்றவை அல்ல. மூச்சும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கோ மாதங்கள் ஆகும் என்பதால், உற்சாகம் கூடியிருக்கும் மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் குதிகால் வலியும் முழங்கால் வலியும் தலைகாட்டுகின்றன. வழவழப்பான டைல்ஸ் தரையில் காலுறையோடு பயிற்சி செய்வதும், சிமெண்டுத் தளத்தில் வெறுங்காலுடன் கயிறு தாண்டுவதும் தவிர்க்க வேண்டியவை. இருபது லிட்டர் தண்ணீர்க் கேனையும் எரிவாயு உருளையையும் பயிற்சிக்காகத் தூக்குவது முதுகுத் தண்டுக்கு ஆபத்து. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் எடை தூக்கும்போது மூச்சை அடக்கினால் அழுத்தம் சட்டென்று உயரும், ஆகவே தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும்.

உணவில் நேரும் இரண்டு பிழைகள்

அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் செலவாவது சுமார் 100 முதல் 130 கலோரி. மாலைத் தேநீரோடு உண்ணும் ஐம்பது கிராம் மிக்சரில் சுமார் 250 கலோரி இருக்கிறது. நடந்தாயிற்றே என்ற உரிமையில் உண்பது கணக்கைத் தலைகீழாக்கிவிடும்.

இதற்கு எதிர்ப்புறத்தில் உள்ள தவறு இதைவிடப் பெரியது. எடையை விரைவாகக் குறைக்க வேண்டுமென்று இரவு உணவை அறவே நிறுத்துவதும், கஞ்சி, பழச்சாறு ஆகியவற்றிலேயே வாரங்களை ஓட்டுவதும் தசையையும் சேர்த்துக் கரைக்கின்றன. பழைய உணவுக்குத் திரும்பியதும் எடை கொழுப்பாகவே மீண்டும் ஏறுகிறது. நம் அன்றாட உணவில் அரிசியும் மாவும் மிகுந்து புரதம் குறைந்திருப்பதால், பயிற்சி தூண்டும் தசை வளர்ச்சிக்குப் பொருள் கிடைப்பதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம், அதாவது அறுபது கிலோ உள்ளவருக்கு 50 கிராம். சாதத்தின் அளவைக் குறைத்து, அந்த இடத்தில் கெட்டியான பருப்பு, கொண்டைக்கடலை அல்லது பாசிப்பயறுச் சுண்டல், முட்டை, மீன், தயிர் ஆகியவற்றை வேளைதோறும் பிரித்து உண்டால் இந்த அளவை எட்டலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மருத்துவரிடம் போகாமல் தாமே முடிவெடுப்பது

ஏறிய எடைக்கெல்லாம் தைராய்டைக் காரணம் சொல்வது வழக்கமாகிவிட்டது. தைராய்டு சுரப்புக் குறைவால் கூடும் எடை பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கிலோவுக்குள், அதிலும் உப்பும் நீரும் தேங்குவதே மிகுதி. பன்னிரண்டு கிலோ ஏறியிருந்தால் வேறு காரணங்களையும் தேட வேண்டும். அதே நேரத்தில், ஊரடங்கில் விட்டுப்போன இரத்தப் பரிசோதனையை அதன்பின் செய்துகொள்ளாமல் பழைய அளவிலேயே தைராக்சின் மாத்திரையைத் தொடர்பவர்களும், அதை விழுங்கிய உடனே காபி குடிப்பவர்களும் உண்டு. காபி மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைப்பதால் அரை மணி முதல் ஒரு மணி நேர இடைவெளி தேவை.

இன்சுலினோ, கிளைமெபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளோ எடுத்துக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகள் அதிகாலையில் வெறும் வயிற்றில் கடுமையாகப் பயிற்சி செய்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். பயிற்சியைத் தொடங்கும் முன்பே மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிட வேண்டும், பயிற்சியின்போது கையெட்டும் தூரத்தில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்க வேண்டும். மார்பில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் அந்தக் கணமே பயிற்சியை நிறுத்தி, வாய்வுப் பிடிப்பு என்று ஒதுக்கிவிடாமல், 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.