ஓர்கன் சிம்பொனியை முதல் தடவை கேட்பது எப்படி?

மேற்கத்திய இசை பழக்கமில்லாத எவருக்கும் நான் முதலில் கேட்கக் கொடுப்பது, பிரெஞ்சுக்காரர் கமீல் சான்-சான்ஸ் எழுதிய மூன்றாம் சிம்பொனியைத்தான். சிம்பொனி என்றால் பெரிய வாத்தியக் குழு சேர்ந்து வாசிக்கும் நீண்ட இசைப்படைப்பு. 1886இல் லண்டனில் அரங்கேறியது. தன்னால் கொடுக்க முடிந்ததையெல்லாம் இதில் கொடுத்துவிட்டதாக அவரே சொன்னார். ஏறக்குறைய 35 நிமிடம். ஓர்கன் என்னும் பெரிய குழாய் வாத்தியமும் இதில் சேர்வதால், ‘ஓர்கன் சிம்பொனி’ என்று தேடினால் கிடைக்கும்.

முதல் வேலை, இயர்போன். மந்திர ஸ்தாயிக்கும் கீழே போகிற ஓர்கன் சுரங்கள் போன் ஸ்பீக்கரில் வரவே வராது. தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் விட்டுவிட்டு வந்தால், டவுனுக்குப் போகும்போதே டவுன்லோட் பண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, மழை இல்லாத நேரமாகப் பார்த்து உட்காருங்கள். ஒரு நாள் எங்கள் லயத்து வீட்டுத் தகரக் கூரையில் அடைமழை. மெதுவான பகுதி கேட்கவில்லையென்று சத்தத்தை முழுக்கக் கூட்டிவிட்டேன். கடைசிப் பகுதி வந்த நொடியில் இயர்போனைப் பிடுங்கி எறிய வேண்டியதாயிற்று. தொடக்கத்து வயலின்கள் மெல்லக் கேட்கிற அளவில் வைத்தால் போதும், அப்புறம் அதைத் தொடாதீர்கள்.

சரி, ஆரம்பியுங்கள். முதல் பத்து நிமிடம் ஓர்கனைத் தேட வேண்டாம், அது வாய் திறக்காது. வயலின்கள் படபடவென்று நடுங்கியபடி வாசிக்கும் மெட்டை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

பிறகு எல்லாம் அடங்கி, மெதுவான பகுதி தொடங்கும். ஓர்கன் நுழைவது இங்கேதான், அதுவும் ஓசையில்லாமல். இரவில் தேயிலை ஸ்டோர் மாடியில் கொழுந்து வாட்டும் காற்றாடிகள் ஓடும்போது பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? காதுக்கு முன்னால் பாதத்துக்குத் தெரியுமே, அந்த அதிர்வு. ஓர்கனும் குழாய்களில் காற்றை ஊதித்தான் பேசுகிறது. வயலின்கள் பாட, அது அடியில் தரை மாதிரி விரிந்து கிடக்கும். எனக்கு இந்தச் சிம்பொனியின் உயிரே இந்தப் பகுதிதான். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

அடுத்து வரும் வேகமான பகுதியில் பியானோ துள்ளி ஓடும், அதை ரசித்துக்கொண்டே வாருங்கள். அது தணிந்து ஓய்ந்ததும், முன்னறிவிப்பில்லாமல் ஓர்கன் முழு பலத்தோடு ஒரே சுரக்கூட்டாக எழும். உடனே, ஒரே பியானோவில் நான்கு கைகள் வாசிக்கும் மினுமினுப்புக்கு நடுவே, ஆரம்பத்தில் நடுங்கிய அதே மெட்டு நிமிர்ந்து நடந்து வரும். அதை அடையாளம் கண்டுகொள்கிறீர்களா என்று பாருங்கள்.

முடிந்ததும் மெதுவான பகுதியின் தொடக்கத்துக்கு மட்டும் திரும்பிப் போங்கள். ஓர்கன் எந்த நொடியில் உள்ளே வந்தது என்று இந்தத் தடவை பிடித்துவிடலாம்.