கணக்குக்குப் படித்தது போதுமா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் முறை

ஜனவரி மாதம் வந்தால் டில்லியில் எங்கள் முனிர்க்கா குடியிருப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீடு எது என்று வாசலில் நின்றே சொல்லிவிடலாம். ராத்திரி 12 மணிக்கும் விளக்கு எரியும். ரஜாயைத் தோளில் போர்த்திக்கொண்டு ஒரு பிள்ளை கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். சமையலறையிலிருந்து ஒரு அம்மா, "போதும் கண்ணு, படு" என்பார். அது போதுமா இல்லையா என்பது இரண்டு பேருக்குமே தெரியாது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. என் மகள் என்.சி.இ.ஆர்.டி. கணக்குப் புத்தகத்தை முதல் பாடத்திலிருந்து பதினான்காம் பாடம் வரை இரண்டு முறை போட்டு முடித்திருந்தாள். பொதுத் தேர்வுக்கு முன் பள்ளியில் வைக்கும் மாதிரித் தேர்வான ப்ரீபோர்டில் 80க்கு 47 வந்தது. "எல்லாம் தெரிஞ்ச கணக்குதாம்மா. அங்கே உட்கார்ந்தா எதுல ஆரம்பிக்கிறதுன்னே தெரியல" என்று அழுதாள். அவள் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. எத்தனை மணி நேரம், எத்தனை பக்கம் என்று நாங்கள் அளந்துகொண்டிருந்ததுதான் தவறு. அதற்குப் பிறகு வேறு விதமாக அளக்கக் கற்றுக்கொண்டோம். இப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சாயங்காலம் என்னிடம் வரும்போதும் இதையே செய்கிறேன். பத்தாம் வகுப்பு சி.பி.எஸ்.இ.யை வைத்துச் சொல்கிறேன். எட்டாம் வகுப்புக்கும் இது பொருந்தும்.

தேவையானவை: ஒரு பக்கம் காலியாக உள்ள பழைய தாள்கள், ஒரு காலி பிஸ்கட் டப்பா, ஒரு நோட்டு, ஒரு கடிகாரம்.

படி 1: புத்தகத்தை மூடுங்கள்

ஒரு பாடத்தை முடித்ததும், அதில் ஏற்கெனவே போட்ட கணக்குகளில் ஐந்தை எடுத்து, கேள்வியை மட்டும் வெற்றுத் தாளில் எழுதுங்கள். புத்தகம், நோட்டு, கைடு எல்லாம் அடுத்த அறைக்குப் போகட்டும். இப்போது போடுங்கள்.

எளிதாகத் தெரிந்தாலும் பெரும்பாலான பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். தீர்வைப் பார்த்துக்கொண்டு போகும்போது ஒவ்வொரு வரியும் "ஆமா, இது தெரியும்" என்று தோன்றும். அடுத்த வரியைப் பார்த்ததும் புரிவது ஒன்று, அந்த வரியைத் தானே கொண்டுவருவது வேறு. 2006ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். அவர்கள் கொடுத்தது உரைநடைப் பாடம். ஆனால் கணக்கிலும் இதையே என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நடுவில் நின்றுவிட்டால் உடனே புத்தகத்துக்கு ஓடாதீர்கள். நின்ற வரியில் ஒரு கோடு போட்டு, பத்து நிமிடம் அங்கேயே இருந்து யோசியுங்கள். அப்புறம் பார்க்கலாம்.

படி 2: மூன்று நாள் விடுங்கள்

அதே ஐந்தை மூன்று நாள் கழித்து மறுபடியும் போடுங்கள். எண்களை மட்டும் மாற்றிக் கொடுக்க வீட்டில் யாராவது இருந்தால் இன்னும் நல்லது. காலையில் போட்டதை மாலையில் போடுவதைச் சோதனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், சூடு ஆறியிருக்காது. மூன்று நாள் கழித்து ஐந்தில் நான்கு வந்தால் அந்தப் பாடத்துக்கு இப்போதைக்கு அது போதும். அடுத்த பாடத்துக்குப் போங்கள். மூன்றோ அதற்குக் குறைவோ வந்தால், வராத வகையை மட்டும் திரும்பப் படிக்க வேண்டும். முழுப் பாடத்தையும் முதலிலிருந்து ஆரம்பிப்பது நேரத்தை வீணாக்கும்.

படி 3: டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள்

என் மகளுக்கு உண்மையில் இல்லாமல் போனது இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புத்தகத்தில் முக்கோணப் பாடத்தின் பயிற்சியில் முக்கோணக் கணக்குதான் இருக்கும். எந்த வழியில் போவது என்ற முடிவைத் தலைப்பே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. பரீட்சைத் தாளில் தலைப்பு கிடையாது. 38 கேள்விகள், பதினான்கு பாடங்களும் கலந்து கிடக்கும்.

இந்த இரண்டு கணக்குகளைப் பாருங்கள். ஒரு மேடையிலிருந்து 4 நிமிடத்துக்கு ஒரு ரயில், அடுத்த மேடையிலிருந்து 6 நிமிடத்துக்கு ஒரு ரயில். இப்போது இரண்டும் சேர்ந்து கிளம்பின. மறுபடி எத்தனை நிமிடத்தில் சேர்ந்து கிளம்பும்? இன்னொன்று: தீபாவளிக்கு 48 லட்டும் 36 முறுக்கும் இருக்கின்றன. எதுவும் மிஞ்சாமல், எல்லாப் பையிலும் ஒரே மாதிரி போட்டுக் கொடுத்தால் அதிகபட்சம் எத்தனை பை தேறும்? இரண்டுக்கும் விடை 12. முதலாவது எல்.சி.எம். (மீச்சிறு பொது மடங்கு), இரண்டாவது எச்.சி.எஃப். (மீப்பெரு பொது வகுத்தி). இரண்டையும் செய்யத் தெரிந்த பிள்ளைகள்கூட எதற்கு எது என்பதில் தடுமாறுவார்கள். ஏனென்றால் அந்த முடிவை அவர்கள் ஒரு நாளும் தாங்களே எடுத்ததில்லை.

அதனால் முடித்த ஒவ்வொரு பாடத்திலிருந்தும் ஆறு ஏழு கேள்விகளைச் சின்னத் துண்டுத் தாள்களில் எழுதி டப்பாவில் போடுங்கள். பாடத்தின் பெயரையோ பக்க எண்ணையோ எழுத வேண்டாம். தினமும் சாயங்காலம் குலுக்கி ஆறு சீட்டு எடுங்கள். போடுவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் "இது எந்தப் பாடம், முதல் வரி என்ன" என்று வாயால் சொல்லுங்கள். சில நாள் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு அடுத்த சீட்டுக்குப் போனாலும் சரி. கணக்கை முடிப்பது கைப்பழக்கம். முதல் வரியைக் கண்டுபிடிப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

ஆரம்பத்தில் மதிப்பெண் குறையும், பிள்ளை சோர்ந்து போவாள். அதைப் பார்த்துவிட்டுப் பழையபடி பாடம் பாடமாகப் போட விடாதீர்கள். எங்கள் வீட்டில் ஆறில் இரண்டில் தொடங்கி ஐந்துக்கு வர மூன்று வாரம் ஆனது.

படி 4: "ஏன்?" என்று கேட்கச் சொல்லுங்கள்

இதற்கு ஒரு ஆள் வேண்டும். அம்மாவுக்கோ பாட்டிக்கோ கணக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் "ஏன் அப்படி?" என்று கேட்டால் போதும்.

ஓர் உதாரணம். ஒரு வண்டி 300 கிலோமீட்டர் போகிறது. மணிக்கு 10 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் போயிருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். வேகம் என்ன? சமன்பாடு அமைத்துப் போட்டால் 50, கழித்தல் 60 என்று இரண்டு விடை வரும். கழித்தல் 60ஐ எல்லாரும் அடித்துவிடுவார்கள். ஏன் அடித்தாய் என்று கேளுங்கள். "டீச்சர் அடிக்கச் சொன்னாங்க" என்றால் இன்னும் படிக்க வேண்டும். "வேகம் கழித்தலில் இருக்க முடியாது, அது சமன்பாட்டுக்குப் பொருந்தும், வண்டிக்குப் பொருந்தாது" என்று சொன்னால் சரி. உருளையின் மேல் அரைக்கோளம் ஒட்டிய பொம்மைக்கு வெளிப்பரப்பு கேட்டால், ஒட்டிய இடத்து வட்டத்தை ஏன் சேர்ப்பதில்லை? பதிலை வீட்டில் பேசும் தமிழிலேயே சொல்லட்டும். ஆங்கிலத்தில் ஒப்பிப்பது எளிது. தமிழில் சொல்ல ஆரம்பித்தால் புரிந்த இடமும் புரியாத இடமும் தனித்தனியாகத் தெரியும்.

படி 5: கடிகாரம்

3 மணி நேரம், 80 மதிப்பெண். மதிப்பெண்ணுக்கு 2 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 160 நிமிடத்தில் முடியும். சரிபார்க்க 20 நிமிடம் மிஞ்சும். சி.பி.எஸ்.இ. தளத்தில் மாதிரி வினாத்தாளும் அதற்கான மதிப்பெண் பங்கீடும் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்தாம் வகுப்புக் கணக்கில் ஸ்டாண்டர்டு, அதைவிட எளிதான பேசிக் என்று இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான், வினாத்தாள் வேறு. நீங்கள் எழுதப்போகும் தாளை எடுங்கள். ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதி, பங்கீட்டைப் பார்த்து வேறொருவர் திருத்தட்டும். ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் உண்டு என்பதால், விடை மட்டும் சரியாக இருந்தால் முழு மதிப்பெண் போட்டுவிடாதீர்கள்.

படி 6: தவறு நோட்டு

தவறிய ஒவ்வொரு கணக்கையும் நோட்டில் எழுதி ஓரத்தில் குறி போடுங்கள். "தெ" என்றால் தெரியவில்லை. "கு" என்றால் குழம்பிவிட்டது, வேறு வழியில் போய்விட்டது. "கை" என்றால் கை தவறியது.

"தெ" வந்தால் பாடத்துக்குத் திரும்புங்கள். எங்கே முதலில் போவது என்பதற்கு மதிப்பெண் ஒதுக்கீடு உதவும்: இயற்கணிதம் 20, வடிவியல் 15, முக்கோணவியல் 12, புள்ளியியலும் நிகழ்தகவும் 11, அளவியல் 10, எண்கள் 6, ஆயத்தொலை வடிவியல் 6. "கு" வந்தால் டப்பாவுக்குப் போங்கள். "கை"யை சில்லி மிஸ்டேக் என்று தள்ளிவிடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பத்து "கை"களை வரிசையாகப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தவறியிருக்கும். என் மகளுக்கு அது அடைப்புக்குறிக்கு முன்னால் வரும் கழித்தல் குறி. அதைக் கண்டுபிடித்த பிறகு அங்கே மட்டும் நின்று ஒரு வரி கூடுதலாக எழுதினாள். அதிலேயே ஐந்தாறு மதிப்பெண் திரும்பி வந்தது.

நிறுத்துவது எப்போது?

நான் வைத்திருக்கும் கணக்கு இது. இதுவரை பார்க்காத இரண்டு தாள்களை நான்கு நாள் இடைவெளியில் எழுத வேண்டும். இரண்டிலும் "தெ" ஒன்றும் வரக்கூடாது, "கு" ஒன்றுக்கு மேல் வரக்கூடாது, நேரம் மிஞ்ச வேண்டும். இரண்டு மதிப்பெண்களுக்கும் வித்தியாசம் நான்குக்குள் இருக்க வேண்டும். முதல் தாளில் 76, அடுத்ததில் 63 என்றால் 76ஐ நம்பாதீர்கள். தெரிந்த கேள்விகளாக வந்திருக்கலாம். இரண்டிலும் 65 என்றால் அது பிள்ளையின் உண்மையான நிலை. அது அவளுக்குப் போதும் என்றால் கணக்கை வைத்துவிட்டு அறிவியலை எடுக்கலாம். கை விட்டுப் போகாமலிருக்க தினமும் டப்பாவில் இரண்டு சீட்டு எடுத்தால் சரி.

பரீட்சைக்கு முந்தின நாள் புதிய கணக்கு எதுவும் வேண்டாம். தவறு நோட்டை அரை மணி நேரம் புரட்டுங்கள். நாங்கள் அன்று சாயங்காலம் மலை மந்திர் முருகன் கோயில் வரை நடந்து போய்விட்டு வந்தோம். ஒன்பதரைக்கு அவள் தூங்கிவிட்டாள்.

தேர்வறையில் 10:15க்கு வினாத்தாள் வரும், 10:30க்குத்தான் எழுதத் தொடங்கலாம். அந்தப் பதினைந்து நிமிடமும் அவள் பேனாவைத் தொடவில்லையாம். 38 கேள்விகளையும் டப்பாச் சீட்டு மாதிரி ஒவ்வொன்றாகப் படித்து, எந்தப் பாடம், முதல் வரி என்ன என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனாளாம். மூன்று கேள்விகளில் மட்டும் முதல் வரி உடனே வரவில்லை. அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள்.