வீட்டில் தட்டுவடை செட் செய்வோர்க்கு: பச்சைக் காய், கீரையிலிருந்து புழு முட்டைகளை நீக்கும் முறை

சேலத்தின் தட்டுவடை செட்டில் எண்ணெயில் வெந்து வருவது தட்டுவடை மட்டுமே. இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே வைக்கும் காரட், பீட்ரூட் துருவலும் வெங்காயமும், மேலே தடவும் புதினா, கொத்தமல்லிச் சட்னியும் பெரும்பாலும் பச்சையாகவே உள்ளே போகின்றன. ஆகவே, இதை வீட்டில் செய்யும்போது மிகுந்த கவனம் தேவைப்படுவது அடுப்படியில் அல்ல, தண்ணீர்த் தொட்டியடியில்தான்.

எதை நீக்கப்போகிறோம் என்பதை முதலில் அறிந்துகொள்வோம். குடலில் வாழும் பெண் உருளைப்புழு ஒரு நாளில் ஏறத்தாழ 2,00,000 முட்டைகள் இடும். மலத்தோடு மண்ணில் சேரும் முட்டை உடனே நோய் தராது. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் இரண்டு மூன்று வாரங்கள் கிடந்து, உள்ளே கரு வளர்ந்த பின்னரே தொற்றும். பன்றி நாடாப்புழுவின் வழி வேறு. சரியாக வேகாத பன்றிக்கறியிலுள்ள நீர்க்கட்டியை (இளம்புழு அடங்கிய சிறு பையை)த் தின்றவரின் குடலில் நாடாப்புழு வளர்கிறது; அவருடைய மலத்தில் வெளியேறும் முட்டையைக் கீரையோடோ தண்ணீரோடோ விழுங்கியவருக்கோ, அதிலிருந்து வெளிவரும் இளம்புழு இரத்த ஓட்டத்தில் மூளையை அடைந்து கட்டியாகி, வலிப்பை உண்டாக்கலாம். கறியே தொடாத வீட்டிலும் இந்த வலிப்பு வருவதற்குக் காரணம் இதுதான்.

படி 1. கொத்தமல்லி, புதினாக் கட்டுகளை நனைக்கும் முன்பே அவிழ்த்து, வேரையும் மண்ணைத் தொட்டுக் கிடந்த அடி இலைகளையும் நறுக்கி எறியுங்கள். கட்டோடு குழாயில் காட்டினால் நடுவில் உள்ள தண்டுகள் நனைவதே இல்லை.

படி 2. அகன்ற குண்டானில் நிறையத் தண்ணீர் ஊற்றி, கீரையை அமிழ்த்தி, கையால் நன்றாக அலசி, இரண்டு நிமிடம் அசையாமல் விடுங்கள். முட்டை தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது. மண்ணோடு மெல்ல அடியில் இறங்கும். எனவே, கீரையை மேலாகக் கையால் அள்ளி எடுக்க வேண்டும். குண்டானைக் கவிழ்த்து வடிகட்டினால், அடியில் தங்கிய கசடு முழுவதும் மறுபடி இலையின் மேலேயே வந்து விழும். மழைக்காலத்தில் வாங்கிய ஒரு கட்டுக் கொத்தமல்லியில், மூன்றாவது தண்ணீரின் அடியிலும் எனக்கு விரலில் நறநறக்கும் மண் கிடைத்தது. இத்தனை முறை என்று கணக்கு வைக்காமல், அடியை விரலால் தடவிப் பார்த்து, மண் படாமல் போகும்வரை தண்ணீரை மாற்றுங்கள்.

படி 3. பிறகு ஓடும் குழாய்நீரில், இலைகளைச் சிறு சிறு பிடியாக எடுத்து இருபுறமும் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். முட்டையின் மேலோடு பசைபோல் ஒட்டும் தன்மையுடையது. புதினா இலையின் சுருக்கங்களில் அது நன்றாகப் பதுங்கிக்கொள்ளும்.

உப்பும் மஞ்சளும் கலந்த நீரில் ஊறவைத்தால் எல்லாம் செத்துவிடும் என்பது நம் வீடுகளில் வேரூன்றிய நம்பிக்கை. உருளைப்புழு முட்டை அதற்கெல்லாம் அசையாது. வினிகரும் வீட்டில் பயன்படுத்தும் அளவுக் குளோரினும்கூட அதைக் கொல்வதில்லை. பரிசோதனைக் கூடங்களில் மலத்திலுள்ள முட்டைகளை மிதக்கவைத்துப் பார்ப்பதற்கே செறிந்த உப்புக் கரைசலைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

படி 4. காரட், பீட்ரூட்டைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, பிறகு தோல் சீவி, மீண்டும் ஒருமுறை கழுவுங்கள். கழுவாமல் சீவினால் தோலில் உள்ளது கத்தி வழியே சதைக்கு ஏறும். சீவியபின் கை, கத்தி, பலகை மூன்றையும் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே துருவியைத் தொடுங்கள். வெங்காயத்துக்கு மேல்தோலை உரித்துக் கழுவினால் போதும்.

படி 5. கடைசி அலசலுக்குக் கொதித்து ஆறிய நீரையே பயன்படுத்துங்கள். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 95 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடும். அந்தச் சூட்டுக்குக் குறைவாகவே முட்டைகளும் அமீபா போன்றவற்றின் கூடுகளும் செத்துவிடுவதால், தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் மலையிலும் போதுமானது.

படி 6. கழுவுதல் முட்டைகளைக் குறைக்கும். கொல்வது சூடு மட்டுமே. மிக்சியில் அரைபடுவதால் இத்தனை நுண்ணிய முட்டைகள் நசுங்கிப்போகும் என்று எண்ண வேண்டாம். சட்னிக்கான இலைகளைக் கொதிநீரில் அரை நிமிடம் முக்கி எடுத்து, உடனே கொதித்து ஆறிய குளிர்ந்த நீரில் போட்டால் பச்சை நிறம் கெடாது. பச்சை வாசனை கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதை ஈடுகட்ட நான் அரைக்கும்போது ஒரு பச்சை மிளகாயும் எலுமிச்சைச் சாறும் கூடுதலாகச் சேர்க்கிறேன்.