பச்சை தராமல் மரம் வரையச் சொல்லுங்கள்: நட்பைப் பழக்கும் ஓவிய வகுப்பு

"நண்பனுக்கு விட்டுக்கொடு" என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எத்தனை தடவை சொன்னாலும் மனதில் நிற்பதில்லை. ஒருவர் இல்லாமல் இன்னொருவரால் முடிக்கவே முடியாத வேலையைக் கொடுத்தால் நிற்கும். இது அப்படிப்பட்ட வேலை. 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளோடு 40 நிமிடப் பாடவேளையில் செய்யலாம். ஆசிரியருக்கு ஓவியம் வரவேண்டும் என்ற அவசியமே இல்லை.

தேவையானவை: இரண்டு பேருக்கு அரை சார்ட், ஒரு பிரௌன் கிரேயான், மஞ்சள், நீல போஸ்டர் கலர், கலர் ஊற்ற பாட்டில் மூடிகள், குறுக்கே நறுக்கிய வெண்டைக்காய், விரல் துடைக்க ஈரத்துணி, தரையில் விரிக்கப் பழைய செய்தித்தாள். பச்சை கலர் கண்ணில் படவே கூடாது.

படி 1: ஜோடி சேர்த்தல்

"பிடித்தவரோடு உட்காருங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். யாரும் கூப்பிடாமல் ஒரு பிள்ளை தனியாக நிற்கும். நட்பு பற்றிய வகுப்பில் அதைவிடக் கொடுமை வேறில்லை. பழைய காலண்டர் படங்களை இரண்டாக வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுங்கள். மறுபாதி வைத்திருப்பவர்தான் இன்றைய கூட்டாளி. எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால் ஒரு படத்தை மட்டும் மூன்றாக வெட்டி, மூன்றாம் ஆளுக்குச் சிவப்பு கலர் கொடுங்கள்.

படி 2: அடிமரம்

ஒருவர் வேரிலிருந்து பாதிவரை வரையட்டும், மற்றவர் அங்கிருந்து கிளைகள். கோணலாக வந்தாலும் திருத்தாதீர்கள்.

படி 3: இலைகள்

ஒருவருக்கு மஞ்சள், இன்னொருவருக்கு நீலம். "இலை பச்சையாக இருக்கணும். எப்படின்னு நீங்களே கண்டுபிடிங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். கொஞ்ச நேரம் விழிப்பார்கள். அப்புறம் யாராவது ஒரு ஜோடி இரண்டையும் குழைத்துவிடும், வகுப்பே எட்டிப் பார்க்கும். நீலம் சீக்கிரம் மஞ்சளை விழுங்கிவிடும் என்பதால் நிறைய மஞ்சளில் துளி நீலம் போதும். இதையும் நீங்கள் சொல்ல வேண்டாம். "கொஞ்சமா ஊத்துடா" என்று கூட்டாளியே சொல்லட்டும், அந்தப் பேரம்தான் இன்றைய பாடம். பச்சை வந்ததும் கட்டைவிரலால் இலைகளை ஒற்றலாம்.

படி 4: பூக்கள்

வெண்டைக்காயை மஞ்சளில் தொட்டு அழுத்தினால் இதழ் இதழாகப் பூ விழும். மூவர் குழுவில் சிவப்பும் மஞ்சளும் கலந்தால் ஆரஞ்சுப் பூ.

சண்டை வந்தால்?

வரும். "காய்" விட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உடனே "பழம் விடு" என்று கட்டாயப்படுத்தாதீர்கள். வாயால் சொல்வார்கள், கோபம் அப்படியே இருக்கும். "இலை இன்னும் வேணுமே, என்ன செய்யலாம்?" என்று படத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள். ஒருவரை நீங்கள் குற்றம் சொன்னால் மற்றவர் ஜெயித்துவிட்டதாக நினைப்பார், இருவரும் சேர்வது இன்னும் கஷ்டமாகிவிடும். கை ஓங்கினால் மட்டும் உடனே பிரித்து உட்கார வையுங்கள்.

படி 5: பேசுதல்

கடைசி 10 நிமிடம் இதற்குத்தான். "நட்பு என்றால் என்ன?" என்று கேட்டால் மனப்பாடப் பதில்தான் வரும். "உன் கூட்டாளி உனக்கு என்ன செஞ்சான்?" என்று கேளுங்கள். "கலர் சிந்தினப்போ துடைச்சான்" என்பது போல ஏதாவது சொல்வார்கள். அதை அவர்கள் வார்த்தையிலேயே படத்துக்குக் கீழே எழுதி, இரண்டு பெயரையும் போடுங்கள்.

படம் யாருக்கு என்ற கேள்வி கட்டாயம் எழும். எக்காரணம் கொண்டும் இரண்டாக வெட்டிக் கொடுக்காதீர்கள். ஒரு வாரம் வகுப்புச் சுவரில் இருக்கட்டும். பிறகு யார் வீட்டுக்கு முதலில் என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும்.